பலகையைத் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும்: எந்தப் புதிய பின்பால் மெஷின் தாங்கும்?

சாய்ந்த பலகையில் உருளும் எஃகுப் பந்தை ஃபிளிப்பர் என்ற துடுப்புகளால் அடித்து ஆடும் காசு மெஷின்தான் பின்பால். பத்து வருஷப் பின்பால் மெஷின் ஒன்று விற்பனைக்கு வந்தால், வாங்க வருபவர் முதலில் முகப்புப் படத்தைப் பார்ப்பார். அடுத்து விளக்கெல்லாம் எரிகிறதா என்று பார்ப்பார். இந்த இரண்டிலும் மெஷினின் வயசு தெரியாது. காசுக் கதவைத் திறந்து, உள்ளே இருக்கும் நெம்புகோலைத் தள்ளி, முன்பக்க உலோகப் பட்டையைக் கழற்றி, கண்ணாடியை உருவி ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, பந்துகளை எல்லாம் எடுத்தபின் ஆட்டப்பலகையை நிமிர்த்த வேண்டும். பாகங்களை அசைக்கும் மின்சுருள்களான காயில்களைச் சுற்றிக் கறுப்புத் தூள் எவ்வளவு படிந்திருக்கிறது, எந்த ஸ்க்ரூ தளர்ந்து பெட்டியின் அடியில் கிடக்கிறது, எந்த ஒயர் புதிதாக ஒட்டுப் போடப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

வில்லியம்ஸ் கம்பெனி 1999 அக்டோபரில் பின்பால் பிரிவை மூடியது. அதே வருஷம் சேகாவின் பின்பால் தொழிலை கேரி ஸ்டெர்ன் வாங்கி, சிகாகோ பக்கத்தில் ஸ்டெர்ன் பின்பாலைத் தொடங்கினார். அதன்பிறகு ரொம்ப வருஷம் பெரிய அளவில் மெஷின் செய்தது அந்த ஒரு கம்பெனிதான். 2013-ல் ஜெர்சி ஜாக் என்ற கம்பெனியின் முதல் மெஷின் வந்தது. பிறகு விஸ்கான்சினின் ஸ்பூக்கி, பழைய வில்லியம்ஸ் மெஷின்களை மறுபடி செய்து விற்கும் சிகாகோ கேமிங் என்று கடை பெருகியது. இந்த விமர்சனம் 2010-லிருந்து 2021 வரை வந்த மெஷின்களைப் பற்றியது. அதற்குப் பின் வந்தவை தாங்குமா என்று சொல்ல இன்னும் காலம் ஆகவில்லை.

தாங்குவது என்பதில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று உடம்பு: பலகை, காயில், போர்டு, அசையும் பொம்மைகள். இன்னொன்று ஆட்டம்: ஐநூறாவது ஆட்டத்திலும் கை அரிக்கிறதா, இல்லை மூலையில் போட்டுத் துணி மூடி வைக்கத் தோன்றுகிறதா. உடம்பு கெட்டால் சரிசெய்யலாம். ஆட்டம் சலித்துவிட்டால் விற்பதைத் தவிர வழியில்லை.

முதலில் பலகை. பல அடுக்கு ஒட்டுப்பலகை, அதன்மேல் அச்சிட்ட படம், அதற்கும் மேல் கிளியர் கோட் என்ற ஒளிபுகும் பூச்சு. இதன்மேல் 27 மில்லிமீட்டர் விட்டமும் 80 கிராம் எடையும் உள்ள எஃகுப் பந்து ராப்பகலாக விழுந்து எழுகிறது. புது மெஷினில் நூறு ஆட்டத்துக்குள் சின்னச் சின்னக் குழிகள் விழும். இதைப் பார்த்துப் பதறி விற்பவர்கள் நிறைய. பதற வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கான ஆட்டம் ஆனபின் குழிகள் ஒன்றோடொன்று கலந்து பரப்பு சமமாகிவிடும். மரம் என்றால் குழி விழத்தான் செய்யும்.

கவலைப்பட வேண்டியவை வேறு இரண்டு. பலகையில் நிற்கும் குட்டித் தூண்களான போஸ்ட்டுகளின் அடியில் கிளியர் கோட் குவிந்து வரப்பு மாதிரி எழும்பியிருந்தால், கோட் முழுசாக இறுகுவதற்கு முன்பே ஸ்க்ரூவை முறுக்கிவிட்டார்கள் என்று அர்த்தம். பந்து அந்த போஸ்ட்டை மோத மோத வரப்பு பெயர்ந்து, அடியில் இருக்கும் படத்தையும் பிய்த்துக்கொண்டு போகும். போஸ்ட்டைக் கழற்றி, அடியில் மெல்லிய ஒளிபுகு பிளாஸ்டிக் வாஷர் வைத்து, அளவாக முறுக்கினால் பெயர்வது நிற்கும். ஏற்கெனவே பெயர்ந்தது திரும்பி வராது.

இரண்டாவது, இன்சர்ட். பலகையில் துளை போட்டு ஒட்டிய, அடியிலிருந்து வெளிச்சம் வரும் பிளாஸ்டிக் வில்லைதான் இன்சர்ட். அதன் விளிம்பில் ஒட்டு விட்டால், காற்று புகுந்து வெள்ளையாகப் பிறை மாதிரி ஒரு படலம் தெரியும். 2016-ல் வந்த கோஸ்ட்பஸ்டர்ஸ் இதற்குப் பேர்போனது. வெறும் படலம் என்றால் அழகுக் குறைதான், ஆட்டத்தைக் கெடுக்காது. விரல்நகத்தை வைத்து விளிம்பில் மெல்ல இழுத்துப் பாருங்கள். நகம் தட்டினால் இன்சர்ட் தூக்கிக்கொண்டிருக்கிறது. மெதுவாக வரும் பந்து அந்த இடத்தில் திசை மாறும். அந்த மெஷினை விலை குறைத்துக் கேளுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

கேரம் போர்டில் பவுடர் பார்க்கும் வேலையை இங்கே கார்னாபா மெழுகு பார்க்கிறது. வீட்டில் ஆடும் மெஷினுக்கு 300 முதல் 500 ஆட்டத்துக்கு ஒருமுறை நாஃப்தாவால் துடைத்து, மெழுகு தடவி, காய்ந்தபின் மைக்ரோஃபைபர் துணியால் தேய்த்தால் போதும். சமையலறை கிளீனர் பக்கமே போகக்கூடாது. பந்தை வெளிச்சத்தில் உருட்டிப் பார்க்கையில் கீறல் கண்ணில் பட்டால், அன்றைக்கே மாற்றிவிட வேண்டும். கீறல் விழுந்த பந்து உப்புத்தாள் போலத்தான். பலகை தேய்ந்துபோன மெஷின்களில் பலவும் பழைய பந்தின் புண்ணியம். காந்தம் உள்ள மெஷினில் இன்னொரு சோதனையும் உண்டு. ஒரு பந்தால் இன்னொரு பந்தைத் தூக்கிப் பாருங்கள். ஒட்டிக்கொண்டு மேலே வந்தால் காந்தம் ஏறிவிட்டது. அப்படிப்பட்ட பந்துகள் அடித்தொட்டியில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நகராமல் நிற்கும். மெஷின் பந்தைத் தேடித் தேடிக் காயில்களை அடித்துக்கொண்டிருக்கும். போர்டு கெட்டுவிட்டது என்று நினைத்து ஆளைக் கூப்பிடுவார்கள். செலவு நாலைந்து பந்துதான்.

அடுத்து மின்சாரம். ஸ்டெர்னின் மெஷின்களை இங்கே இரண்டாகப் பிரிக்கலாம். 2006-லிருந்து ஏறக்குறைய 2014 வரை வந்தவை சாம் முறை. 2015 வாக்கிலிருந்து ஸ்பைக் முறை. சாமில் தலைப்பெட்டிக்குள், காயில்களை இயக்கும் ஒரே பெரிய டிரைவர் போர்டு. அதில் காயிலுக்கு ஒரு டிரான்சிஸ்டர். ஒன்று போனால் மூன்று காலை சால்டர் எடுத்து, ஐஆர்எல்540 ஒன்றைப் பொருத்தினால் முடிந்தது. பாகத்தின் விலை சில டாலர்தான். சால்டர் அயர்ன் பிடிக்கத் தெரிந்த யாரும் செய்யலாம். ஆனால் மாற்றுவதற்கு முன் காயிலை மீட்டரில் அளந்தே ஆக வேண்டும். 2 ஓமுக்குக் கீழே காட்டினால் காயில் உள்ளே ஷார்ட் ஆகிவிட்டது. அதைக் கவனிக்காமல் புது டிரான்சிஸ்டரைப் போட்டு ஆன் செய்தால் அதுவும் உடனே போகும். காயிலில் இருக்கும் டையோடின் கால் அதிர்ச்சியில் ஒடிந்திருக்கிறதா என்றும் ஆட்டிப் பாருங்கள். டிரான்சிஸ்டர் தானாகச் சாவது அபூர்வம். பெரும்பாலும் காயிலோ டையோடோ அதைக் கொல்கிறது.

ஸ்பைக்கில் தலைப்பெட்டியில் சின்னக் கணினி, பலகைக்கு அடியில் அங்கங்கே நோடு போர்டுகள் என்ற குட்டிக் கட்டுப்பாட்டு போர்டுகள், 48 வோல்ட். ஒயர் கட்டு வெகுவாகக் குறைந்ததால், ஒயர் ஒடிவது, கனெக்டர் தளர்வது எல்லாம் குறைவு. எந்த நோடு பதில் சொல்லவில்லை என்று மெஷினே திரையில் காட்டிவிடும். ஆனால் நோடு போர்டில் பாகங்கள் எல்லாம் பொடிசு, பரப்பிலேயே ஒட்டியவை. ஒரு டிரான்சிஸ்டர் போனால் பெரும்பாலானவர்கள் போர்டையே மாற்றுகிறார்கள். சாமில் காப்பிச் செலவில் முடியும் வேலைக்கு இங்கே ஒரு போர்டின் விலை. இருபது வருஷம் கழித்து அதே நோடு போர்டு கடையில் கிடைக்குமா என்பதுதான் ஸ்பைக் மெஷின்களின் ஆயுளில் இருக்கும் ஒரே பெரிய சந்தேகம். ஸ்பைக் மெஷினை வாங்கிய முதல் நாளே, அதன் கணினியில் இருக்கும் எஸ்டி கார்டை எடுத்து அப்படியே ஒரு நகல் செய்து வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் பாதியில் நின்று நின்று எழுந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அந்தக் கார்டைத்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் புதியவை பழையவற்றைத் தூக்கிச் சாப்பிடும். பழைய பல்புகள் சூட்டில் கனெக்டரைப் பொசுக்கிப் பழுப்பாக்கும், மேலே இருக்கும் பிளாஸ்டிக்கை வளைக்கும். எல்இடி வந்தபின் அந்தத் தொல்லையே இல்லை.

ஃபிளிப்பரில்தான் மெஷினின் உயிர் இருக்கிறது. எந்தக் கம்பெனி மெஷினானாலும் தேய்வது இதேபோலத்தான். ரேம்ப் என்ற ஏற்றப் பாதையில் பந்து முக்கால் தூரம் ஏறித் திரும்பி வந்தால், மென்பொருளில் ஃபிளிப்பர் பலத்தைக் கூட்டாதீர்கள். முதலில் ஃபிளிப்பரைப் பிரியுங்கள். சுவிட்சை ஆஃப் செய்யுங்கள். காசுக் கதவு திறந்தால் காயில் மின்சாரம் தானாக நிற்கும்படிதான் அமைப்பு, ஆனாலும் ஆஃப் செய்யாமல் கை வைக்காதீர்கள். காயில் ஸ்டாப் என்ற தடுப்புத் துண்டின் ஸ்க்ரூக்களைக் கழற்றினால் காயில் கையோடு வந்துவிடும். காயிலுக்குள் போய்வரும் இரும்புத் தண்டான பிளஞ்சரின் முனையைப் பாருங்கள். இரும்பு இரும்பை அடித்து அடித்து, முனை காளான் குடை மாதிரி விரிந்திருக்கும். விரிந்த அந்த உதடுதான் காயிலுக்குள் இருக்கும் நைலான் குழாயான ஸ்லீவைச் சுரண்டிக் கறுப்புத் தூளை உண்டாக்குகிறது. எதிரே காயில் ஸ்டாப்பின் முகத்தில் குழி விழுந்திருக்கும். பிளஞ்சரை லிங்க்கோடு இணைக்கும் துளை வட்டமாக இல்லாமல் முட்டை வடிவாகியிருக்கும். பிளஞ்சர், லிங்க், ஸ்லீவ், ஸ்டாப், ஸ்பிரிங், முடிவு சுவிட்ச் என ஆறையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் புதுசைப் பழசு தின்றுவிடும். ஸ்லீவுக்குள் எண்ணெய் போடுவது மகா பாவம். தூளோடு கலந்து களியாகி, பிளஞ்சர் பாதியில் நிற்கும். திருப்பிப் பொருத்தும்போது ஃபிளிப்பருக்கும் அடியில் இருக்கும் புஷ்ஷிங்குக்கும் நடுவே ஒரு பழைய பேங்க் கார்டை வைத்து, இறுக்கி, கார்டை உருவி எடுங்கள். அந்த முக்கால் மில்லிமீட்டர் இடைவெளி இல்லாவிட்டால் ஃபிளிப்பர் பலகையில் உரசி, வளைவாகக் கோடு போட்டுவிடும்.

இனி மெஷின்கள். ஸ்டெர்ன் ஒரே வடிவமைப்பைப் பொதுவாக ப்ரோ, பிரீமியம், லிமிடெட் என்று மூன்று தரமாக விற்கிறது. ப்ரோவில் அசையும் பொம்மைகள் குறைவு. தாங்குவது மட்டும்தான் கேள்வி என்றால் பத்தில் எட்டு முறை பதில் ப்ரோதான். அதை மலிவு பதிப்பு என்று ஏளனமாகப் பார்ப்பவர்கள், பொது இடங்களில் மெஷின் போட்டுக் காசு எடுப்பவர்கள் ஏன் ப்ரோவையே தேடி வாங்குகிறார்கள் என்று யோசிக்க வேண்டும்.

ஏசி/டிசி, 2012. அந்தப் பெயருள்ள ராக் இசைக்குழுவை வைத்து ஸ்டீவ் ரிச்சி வடிவமைத்தது. ப்ரோவில் உடைவதற்கு அதிகம் இல்லை. மோட்டாரில் திரும்பும் பீரங்கி ஒன்றுதான் அவ்வப்போது கவனம் கேட்கும். பிரீமியத்தில் பலகைக்கு அடியில் கண்ணாடிச் சன்னல் வழியாகத் தெரியும் குட்டி ஆட்டப்பலகை ஒன்று உண்டு. பார்க்க அழகு. துடைப்பதற்கு அதைப் பிரிக்க வேண்டும், யாரும் பிரிப்பதில்லை, தூசி படிந்து மங்கிக் கிடக்கும். ஆட்டத்தைப் பொறுத்தவரை, எந்தப் பாட்டைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதே ஆட்டத்தின் போக்கை மாற்றும்படி விதிகளை எழுதியவர் லைமன் ஷீட்ஸ். 2022 ஜனவரியில் மறைந்தார். அட்டாக் ஃப்ரம் மார்ஸ், மெடிவல் மேட்னஸ், ஏசி/டிசி, மெட்டாலிகா நான்கிலும் அவர் கை இருக்கிறது. சலிக்காத மெஷின்களின் எந்தப் பட்டியலிலும் இந்த நாலும் இருக்கும்.

மெட்டாலிகா, 2013, ஜான் போர்க் வடிவமைப்பு. ப்ரோ வாங்குங்கள். பிரீமியத்தின் சுத்தியல் பந்தைச் சவப்பெட்டிக்குள் அடித்து இறக்குவது முதல் நாள் பார்க்கக் கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் சுத்தியல், அடியில் குழி, பந்து உள்ளே போனதா என்று பார்க்கும் சென்சார் என்று மூன்று இடத்தில் தவறு நடக்கலாம்.

அயர்ன் மேன், 2010. இதுவும் போர்க். சிறிய ஆட்டம், பேய் வேகம். நாற்பது நொடியில் பந்து போய்விடும், திரும்பக் காசு போடத் தோன்றும். பலகையிலிருந்து எழும் வில்லன் பொம்மையான அயர்ன் மாங்கரின் மோட்டார்தான் இதில் கெடக்கூடிய ஒரே பெரிய பாகம். விதிகளில் ஆழம் எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஒத்து வராது.

அயர்ன் மெய்டன், 2018. போட்டிகளில் உலக அளவில் ஆடிய கீத் எல்வின் ஸ்டெர்னுக்குச் செய்த முதல் மெஷின். என் கணக்கில், ஸ்பைக் காலத்து மெஷின்களில் உடம்பு, ஆட்டம் இரண்டிலும் சேர்த்துத் தாங்குவது இதன் ப்ரோ. ரேம்புகளும் வளைவுகளும் பந்தை அழகாக ஃபிளிப்பருக்கே திருப்பித் தருவதால், மோட்டாரே இல்லாமல் ஆட்டம் களைகட்டுகிறது. வேகமாகச் சுற்றும் பந்து ரேம்பின் வாயில் இருக்கும் மெல்லிய உலோக மடிப்பில் ஓயாமல் மோதும் என்பதால், அந்த மடிப்பு வளைந்திருக்கிறதா, அதன் ரிவெட் தளர்ந்திருக்கிறதா என்று ஆறு மாசத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

டெட்பூல், 2018, ஜார்ஜ் கோமஸ். இதன் ப்ரோவும் தொல்லை தராது. சிரிப்பு வசனங்கள் நூறு முறை கேட்டபின் சிரிப்பு வருமா என்பது அவரவர் விருப்பம்.

ஜுராசிக் பார்க், 2019. எல்வினின் அடுத்த மெஷின். ப்ரோவே முழு ஆட்டம். பிரீமியத்தில் டி-ரெக்ஸ் குனிந்து பந்தைக் கவ்வும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அது ஒன்றுக்காகவே வாங்கத் தோன்றும். வாங்கினால் அதன் மோட்டாரும் சென்சாரும் அடிக்கடி சரிபார்ப்பு கேட்கும் என்று தெரிந்தே வாங்குங்கள்.

ப்ரோதான் நல்லது என்ற என் வாதத்துக்குப் பிடிவாதமாக ஒத்துழைக்காத மெஷின் காட்ஸில்லா, 2021. பிரீமியத்தில் மாடி மாடியாகச் சரியும் கட்டிடம், இடிந்து விழும் பாலம் எல்லாம் வெறும் அலங்காரமில்லை. பந்து எங்கே நிற்கிறது, எந்த வழியில் திரும்புகிறது என்பதையே அவை மாற்றுகின்றன. ப்ரோவிலும் விதிகள் அருமைதான், ஆனால் ஏதோ குறைகிறது. கட்டிடத்தின் மாடிகள் நேராக எழாவிட்டால், சோதனை மெனுவுக்குப் போய் மோட்டாரை மட்டும் தனியாக ஏற்றி இறக்கி, எந்த மாடியில் தட்டுகிறது என்று காதால் கேட்டுக் கண்டுபிடித்து, அந்த இடத்து ஸ்க்ரூவைச் சரிசெய்யுங்கள். அடித்து இறக்காதீர்கள்.

கோஸ்ட்பஸ்டர்ஸின் இன்சர்ட்டைப் பற்றி மேலே சொன்னேன். இரண்டு ஃபிளிப்பருக்கும் நடுவே வழக்கத்தைவிட அகலமான இடைவெளி, பிரீமியத்தில் ஃபிளிப்பர்களுக்கு மேலே பந்தை உதைத்துத் தள்ளும் ஸ்லிங்ஷாட்டில் வழக்கமான உதைக்குப் பதில் காந்தம். அந்த சினிமா பிடித்தவர்கள் விடமாட்டார்கள். மற்றவர்கள் தாண்டிப் போகலாம்.

ஸ்பூக்கி தயாரித்த டோட்டல் நியூக்ளியர் அனிஹிலேஷன், 2017, ஸ்காட் டனேசியுடையது. ரேம்ப் கிடையாது, மாடி கிடையாது, எண்பதுகளின் பாணியில் ஒற்றைத் தளம். பலகையைத் தூக்கினால் உள்ளே காற்றோட்டமாக இருக்கும். எந்த ஸ்க்ரூவுக்கும் நேராகக் கை போகும். தாங்குவதில் முதல் மூன்றுக்குள் வைப்பேன்.

சிகாகோ கேமிங்கின் மறுபதிப்புகள் தனி ரகம். மெடிவல் மேட்னஸ் முதலில் 1997-ல் வில்லியம்ஸில் வந்தது, மறுபதிப்பு 2015. அட்டாக் ஃப்ரம் மார்ஸ் 1995, மறுபதிப்பு 2017. இரண்டும் பிரையன் எடி வடிவமைப்பு. கோட்டையின் பாலம் எங்கே சிக்கும், பூதத்தின் தலை எப்படி உடையும், பறக்கும் தட்டின் முன்னால் இறங்கும் டார்கெட்டுகளின் மோட்டார் எப்போது மக்கர் செய்யும் என்பதெல்லாம் இருபது வருஷத்துக்கும் மேலாக உலகம் முழுக்கத் தெரிந்த நோய்கள். மருந்தும் தெரியும், இயந்திர பாகங்களும் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் போர்டுகள் பழையவை அல்ல. மெடிவல் மேட்னஸ் மறுபதிப்புக்குள் இருப்பது பீகிள்போன் பிளாக் என்ற சின்னக் கணினி. பழைய மெஷினின் டிரைவர் போர்டை நீங்களே சரிசெய்து பழகியவர் என்றால், இங்கே அந்தக் கைப்பழக்கம் பாதிதான் உதவும். பதிலாக, ஒரிஜினலில் தலைப்பெட்டிக்குள் கசிந்து போர்டையே அரிக்கும் அந்த மூன்று பென்சில் பேட்டரிகளின் தொல்லை உங்களுக்கு இல்லை.

கடைசியாக ஜெர்சி ஜாக்கின் தி விசார்ட் ஆஃப் ஓஸ், 2013. அகலப் பலகை, தலையில் 26 அங்குலத் திரை, உள்ளே முழு பிசி. பந்தைத் தூக்கிப் போகும் பறக்கும் குரங்கு, சுழலும் வீடு, எழுந்து இறங்கும் சூனியக்காரி. ஆழத்தில் இதற்கு ஈடு குறைவு. உடம்பில் இதுதான் அதிக வேலை வாங்கும். முதல் தொகுதியின் விளக்கு போர்டுகள் தொல்லை தந்து, பின்னால் கம்பெனியே மாற்று போர்டுகளைக் கொண்டுவந்தது. பழையதாக வாங்கும்போது எந்தத் தலைமுறை விளக்கு போர்டு உள்ளே இருக்கிறது என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். பிசி ஒரு வகையில் வரம். மதர்போர்டு, பவர் சப்ளை, டிஸ்க் எல்லாம் சாதாரணக் கணினிப் பாகங்கள்.

வாங்கப் போகும் இடத்தில் செய்ய வேண்டியது இன்னும் ஒன்று. காசுக் கதவுக்குள் இருக்கும் பொத்தான்களால் மெனுவுக்குப் போய், தணிக்கைப் பக்கத்தில் மொத்த ஆட்டம் எத்தனை என்று பாருங்கள். வீட்டில் மட்டுமே ஆடியது, ஆயிரம் ஆட்டம்கூட ஆகவில்லை என்பார்கள். அந்த எண்ணை அழித்துப் பூஜ்யமாக்கிவிடலாம். அதனால் ஃபிளிப்பர் காயில் ஸ்டாப் ஒன்றைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். ஆயிரம் ஆட்டம் ஆடிய ஸ்டாப்பின் முகம் ஏறக்குறைய மட்டமாக இருக்கும். இருபதாயிரம் ஆடியதில் விரல் நுனி உட்காரும் அளவுக்குப் பள்ளம் இருக்கும். பளபளவென்று புத்தம்புது ஸ்டாப் இருந்தால், பழையதை எப்போது, ஏன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள்.